இன்றைய உணவிற் சர்க்கரை

இனிப்பை விரும்பாத மக்கள் உலகில் மிக அரியர். பிறந்த குழவியின் நாவில் ஒரு துளி இனிப்பு நீரை இட்டால் அதன் முகம் மலர்கின்றது. கசப்பு நீரை இட்டால் சுருங்குகின்றது. ஆதலின் இச்சுவையின்மேல் நமக்குள்ள விருப்பம் பழக்கத்தால் வந்ததன்று; உடன் பிறந்ததேயாம். காட்டில் உணவு தேடித் திரிந்த பண்டை மாந்தனுக்கு இவ்விருப்பம் பெருந்துணையாயிருந்தது. கனிந்தது இது, கனியாதது இது என நாவே அவனுக்கு அறிவித்தது. அக்காலத்தில் இனிப்பு அரிதிற் கிடைத்த பொருள். ஒரு நாள் வயிறார உண்டாலும், மீண்டும் கிடைக்கப் பல நாள் செல்லும். இக்காலத்திலோ விருப்பம் மாறவில்லை. கிடைக்கும் அளவு மட்டும் மாறிவிட்டது. இம்மாற்றத்தால் உடலுக்கு விளைவன யாவை, அவற்றை அறிஞர் எங்ஙனம் அறிந்தனர், அறிந்தபின் நாம் செய்யத்தக்கது யாது என்னும் மூன்றனையும் இக்கட்டுரையிற் சுருங்க ஆராய்வோம்.

சர்க்கரை நம் நாட்டிற்குப் புதிய பொருளன்று. கரும்பின் சாற்றைக் காய்ச்சி மணியாக உறையச் செய்யும் தொழிலை உலகிற்கு முதலிற் கற்பித்தது இந்திய நாடே. 'சர்க்கரா' என்னும் வடசொல்லே பாரசீகம், அரபு ஆகிய மொழிகளின் வழியாக மேனாடு சென்று, ஆங்கிலத்தில் 'சுகர்' என வழங்குகின்றது. நம் பாட்டன்மார் வெள்ளைச் சர்க்கரையை 'அஸ்கா' என்றனர். அது, பழைய சென்னை மாகாணத்தின் வடகோடியிலிருந்த கஞ்சம் மாவட்டத்து அஸ்கா என்னும் ஊரின் ஆலையால் வந்த பெயர். மேனாட்டாருக்கோ சர்க்கரை நெடுங்காலம் மருந்து விற்போரிடம் சிறிது சிறிதாக நிறுத்து வாங்கும் அரும்பொருளாயிருந்தது. இங்கிலாந்தில் 1700ஆம் ஆண்டளவில் ஆளொன்றுக்கு ஓர் ஆண்டிற்கு 4 இராத்தல் சர்க்கரையே செலவாயிற்று. 1800இல் அது 18 இராத்தலாயிற்று. 1900இல் ஏறத்தாழ 90 இராத்தலாக உயர்ந்தது.

இவ்வுயர்ச்சிக்குக் காரணம் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களும், அங்கே வருந்தி உழைத்த ஆப்பிரிக்க அடிமைகளுமாவர். அடிமை முறை ஒழிந்தபின், மொரீசியசு, நெட்டால், பீஜி முதலிய இடங்களின் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் நாட்டார் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் தமிழரும் பலர். 1874இல் ஆங்கில அரசு சர்க்கரைமீது விதித்திருந்த வரியை முற்றும் நீக்கியது. அரசர் விருந்திற்குரிய பொருள் இங்ஙனம் ஏழைத் தொழிலாளியின் தேநீர்க் கோப்பைக்கு வந்து சேர்ந்தது. இருநூறு ஆண்டுகளில் ஓர் உணவு இருபது மடங்கிற்கு மேற் பெருகிற்று. மாந்தன் உடலோ அக்காலத்திற்குள் அதற்கேற்ப மாறிவிடவில்லை.

இனிச் சர்க்கரையின் இயல்பைக் காண்போம். நாம் கடையில் வாங்கும் சர்க்கரைக்கு வேதியியலார் இட்ட பெயர் சுக்ரோஸ் என்பது. அஃது ஒரே பொருளாகத் தோன்றினும், குளுக்கோஸ், பிரக்டோஸ் என்னும் இரண்டு எளிய சர்க்கரைகள் ஒன்றோடொன்று பிணைந்ததாகும். சிறுகுடலில் இப்பிணைப்பு அறுகின்றது. குளுக்கோஸ் இரத்தத்திற் கலந்து உடலெங்கும் செல்லும். அதனைத் தசை முதலியவற்றின் உயிரணுக்களிற் புகுத்துதற்குக் கணையம் இன்சுலின் என்னும் நீரைச் சுரக்கும். பிரக்டோஸோ பெரும்பாலும் கல்லீரலுக்கே செல்லும். சிறிதளவாயின் கல்லீரல் அதனை எளிதிற் பயன்படுத்திக்கொள்ளும். அளவு கடந்து விரைந்து வருமாயின், அதில் ஒரு பகுதியைக் கொழுப்பாக மாற்றும். அக்கொழுப்பு கல்லீரலிலேயே தங்குவதும் உண்டு. இரத்தத்திற் சேர்வதும் உண்டு.

சர்க்கரையில் உடலுக்கு வேண்டிய வைட்டமின்களோ தாதுப்பொருள்களோ நார்ச்சத்தோ இல்லை. ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரி வெப்பத்தைத் தரும், அவ்வளவே. வெப்பம் தருவது குற்றமா எனின், அன்று. உழைக்கும் உடலுக்கு அது வேண்டும். ஆயின் சோறும் பருப்பும் காயும் வெப்பத்தோடு வேறு பல சத்துக்களையும் தருகின்றன. சர்க்கரை அவற்றின் இடத்தைத் தான் பற்றிக்கொள்ளுகின்றது. பற்றாத இடத்து, வேண்டிய உணவிற்கு மேல் மிகையாகச் சேர்ந்து உடற்கொழுப்பைப் பெருக்குகின்றது. இவ்விரண்டுமே தீங்கு.

சர்க்கரையால் முதலிற் கெடுவது பல். வாயில் வாழும் நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு அமிலத்தைக் கக்குகின்றன. அவ்வமிலம் பல்லின்மேலுள்ள கடினமான மிளிரியைக் கரைக்கின்றது. உமிழ்நீர் அதனைத் தணித்துப் பழைய நிலைக்குக் கொணர ஏறத்தாழ அரை மணி நேரமாகும். அதற்குள் மீண்டும் ஒரு மிட்டாயை வாயிலிட்டால் கரைதல் மீண்டும் தொடங்கும். ஆதலின் பல்லைப் பொறுத்தவரை, எவ்வளவு உண்டோம் என்பதினும் எத்தனை முறை உண்டோம் என்பதே பெரிது.

இவ்வுண்மை நமக்குத் தெரிந்த வரலாறு வருந்தத்தக்கது. சுவீடன் நாட்டு லுண்டு நகரத்தின் வீப்பெஹோல்ம் என்னும் விடுதியில் அறிவு வளர்ச்சி குன்றியோர் பலர் வைத்துப் பேணப்பட்டனர். 1940களின் பிற்பகுதியில், அவருட் சிலருக்கு உணவோடும், சிலருக்கு உணவு வேளைகளுக்கு இடையிலும் இனிப்பைக் கொடுத்து, எவருடைய பல் மிகுதியாகக் கெடுகின்றது என்று மருத்துவர் பார்த்தனர். பல்லில் ஒட்டும் மிட்டாயை இடைவேளைகளில் உண்டவர்க்கே சொத்தை மிகுந்தது. உண்மை வெளிப்பட்டது மெய்யே. ஆயினும் தம் உடம்பை ஆய்வுக்குத் தர இசையவோ மறுக்கவோ இயலாத எளியோரின் பற்களைக் கெடுத்துப் பெற்ற உண்மை அது. அத்தகைய ஆய்வு அறத்திற்கு மாறானதென இன்று அறிவுடையார் கருதுகின்றனர்.

பல்லின் கேட்டைச் சில ஆண்டுகளிற் காணலாம். நீரிழிவு முதலிய நோய்களோ பல்லாண்டு கழித்தே தோன்றுவன. இவ்விடத்து ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். நீரிழிவைச் 'சர்க்கரை நோய்' என வழங்குதலின், சர்க்கரை உண்பதொன்றே அதற்குக் காரணமெனப் பலர் எண்ணுகின்றனர். நோயாளியின் சிறுநீரில் இனிப்பு இருத்தலை நம் நாட்டுப் பழைய மருத்துவர் அறிந்தே 'மதுமேகம்' என்று பெயரிட்டனர். அது நோயின் அடையாளம், காரணமன்று. சிறுவர்க்குப் பெரிதும் வரும் முதல்வகை நீரிழிவில், உடலே தன் கணையத்து அணுக்களை அழித்தலால் இன்சுலின் இல்லாமற் போகின்றது; அதற்கும் இனிப்பு உண்டதற்கும் தொடர்பில்லை. அத்தகைய பிள்ளையின் பெற்றோரைப் பழித்தல் அறியாமை. பெரும்பாலோர்க்கு வரும் இரண்டாம்வகை நீரிழிவில் இன்சுலின் சுரந்தும் பயன் குன்றுகின்றது. பரம்பரை, உடலுழைப்பின்மை, மிகுந்த உடற்கொழுப்பு, தீட்டிய அரிசி முதலிய மாவுணவின் மிகுதி எனப் பல காரணங்கள் கூடி அதனை விளைவிக்கின்றன. அவற்றுள் மிகையான சர்க்கரையும் ஒன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் துணைநின்ற பேராய்வு ஒன்று, 2023இல் வெளியான தன் அறிக்கையில், நம் நாட்டில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர் என மதிப்பிட்டது. மேனாட்டாரினும் இளைய வயதிலும், மெலிந்த உடம்பிலும் இந்நோய் நம்மவரைப் பற்றுகின்றது.

பல காரணங்களால் விளையும் நோயிற் சர்க்கரையின் பங்கை மட்டும் பிரித்துக் காண்பது எங்ஙனம்? ஒரு சாராரை இருபது முப்பது ஆண்டுகள் இனிப்பு உண்ணச் செய்து, மற்றொரு சாராரை விலக்கி வைத்துப் பார்த்தல் இயலாது. இவ்வருமையோடு வேறொரு தடையும் சேர்ந்தது. 1960களில், இருதய நோய்க்குக் காரணம் கொழுப்போ சர்க்கரையோ என்னும் வழக்கு எழுந்தது. அப்போது அமெரிக்கச் சர்க்கரை வணிகரின் ஆராய்ச்சி நிறுவனமொன்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்து அறிஞர் சிலருக்குப் பொருள் கொடுத்து ஓர் ஆய்வுரை எழுதுவித்தது. 1967இல் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் வெளிவந்த அவ்வுரை, கொழுப்பின்மேற் குற்றம் சாற்றிச் சர்க்கரைக்கு எதிரான சான்றுகளைக் குறைத்துக் கூறிற்று. பொருள் பெற்ற செய்தி அதில் வெளியிடப்படவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து, 2016இல்தான் பழைய கடிதங்களின் வாயிலாக அது வெளிப்பட்டது. கொழுப்பு மிகுதலும் தீங்கே. ஆயினும் விற்பவன் எழுதுவித்த நூலைக் கொண்டு வாங்குபவன் தன் நலத்தை அறிய இயலாது என்பது இதனால் விளங்கும்.

ஆராய்ச்சியாளர் செய்ய இயலாத சோதனையைப் போர் செய்து வைத்தது. இரண்டாம் உலகப் போரில் கப்பல்கள் தடைப்படவே, பிரிட்டன் 1940ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சர்க்கரையை 'ரேஷன்' எனும் பங்கீட்டு முறைக்குள் கொணர்ந்தது. 1942இல் மிட்டாய்களும் அதனுள் வந்தன. போர்க்காலத்திற் பெரும்பாலும் ஆளொன்றுக்கு வாரத்திற்கு 8 அவுன்சு சர்க்கரையும், நான்கு வாரத்திற்கு 12 அவுன்சு மிட்டாயும் கிடைத்தன. இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 8 அவுன்சு 227 கிராம். நாளொன்றுக்கு 32 கிராம் ஆகும். 12 அவுன்சு மிட்டாய் 340 கிராம். நாளொன்றுக்கு 12 கிராம் ஆகும். இரண்டும் கூட்ட 44 கிராம். செல்வரும் வறியரும் இவ்வொரே அளவே பெற்றனர்.

போர் 1945இல் முடிந்தும் இம்முறை உடனே முடிந்திலது. 1953ஆம் ஆண்டு பிப்ரவரியில் மிட்டாய்க்கும், செப்டம்பரிற் சர்க்கரைக்கும் கட்டுப்பாடு நீங்கிற்று. நீங்கியவுடன், நாளொன்றுக்கு 40 கிராம் அளவினதாயிருந்த சர்க்கரைச் செலவு விரைவில் 80 கிராம் அளவிற்கு, அஃதாவது இருமடங்காக, உயர்ந்தது. எனவே ஒரே நாட்டில், ஒரே காலத்தை ஒட்டிப் பிறந்த குழந்தைகளுள், சில மாதம் முன்னே பிறந்தவர் குறைந்த சர்க்கரையோடும், பின்னே பிறந்தவர் மிகுந்த சர்க்கரையோடும் வளர்ந்தனர். யார் எப்பகுதியைச் சார்வது என்பதைப் பெற்றோரின் செல்வமோ கல்வியோ முடிவு செய்யவில்லை. பிறந்த நாளே முடிவு செய்தது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர் மூவர் இதனைக் கருதினர். 1951ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 1956ஆம் ஆண்டு மார்ச்சு வரை பிறந்த ஏறத்தாழ 60,000 பிரிட்டானியரின் உடல்நலக் குறிப்புக்களை அவர் ஒப்பிட்டு, 2024இல் முடிபை வெளியிட்டனர். கருவிலும், பிறந்தபின் ஏறத்தாழ இரண்டு வயது வரையிலும் பங்கீட்டுக் காலத்தில் வாழ்ந்தோர்க்கு, அங்ஙனம் வாழாதோரைவிட இரண்டாம்வகை நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 35 பங்கும், மிகை இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு 20 பங்கும் குறைந்திருந்தன. நோய் வந்தவர்க்கும் நீரிழிவு நான்காண்டும், இரத்த அழுத்தம் ஈராண்டும் பிந்தியே வந்தன. இந்நலத்தில் மூன்றிலொரு பங்கு கருவில் இருந்தபோதே கிடைத்தது. தாய் அளவோடு உண்டதன் பயனைச் சேய் ஐம்பது ஆண்டு கழித்துப் பெற்றது. பிறந்து ஆறு மாதத்திற்குப் பின், குழந்தை பாலன்றி வேறுணவு உண்ணத் தொடங்கும் காலத்திலும் பங்கீடு தொடர்ந்தவர்க்குப் பயன் மிகுந்தது.

இவ்வாராய்ச்சிக்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் தாயும் சேயும் உண்ட அளவை எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை. வெண்ணெய், இறைச்சி முதலியவற்றின் கட்டுப்பாடும் அடுத்த ஆண்டில் நீங்கிற்று. ஆயினும் அவற்றின் செலவு சர்க்கரையைப்போல் ஒரேயடியாக உயரவில்லை என்பதை ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டினர். ஆதலின் இஃது அசைக்கலாகாத முடிபன்றெனினும், புறக்கணிக்கலாகாத சான்றேயாம். பங்கீட்டுக் காலத்தவர் இனிப்பை முற்றும் துறந்தவரல்லர் என்பதும் இங்கே கருதத்தக்கது. அவர் நாள்தோறும் இனிப்பு உண்டனர், அளவோடு உண்டனர்.

அவ்வளவு எவ்வளவு? உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஒரு நெறியை வகுத்தது. ஒருவர் நாள்தோறும் பெறும் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கிற்குக் குறைவாகவே தனிச் சர்க்கரைகளிலிருந்து பெறல் வேண்டும். ஐந்து பங்கிற்குக் குறைத்தல் இன்னும் நன்று. நாளொன்றுக்கு 2,000 கலோரி வேண்டுவோர்க்கு முதலாவது 50 கிராம். இரண்டாவது 25 கிராம். தனிச் சர்க்கரை என்பது, ஆலையிலோ அடுக்களையிலோ உண்பவன் கையாலோ சேர்க்கப்படுவதும், தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் உள்ளதுமாம். முழுப்பழத்திலும் பாலிலும் இயல்பாயுள்ள இனிப்பு இதனுட் படாது. பழத்தை மென்று தின்னும்போது அதன் நார் வயிற்றை நிறைத்து, இனிப்பை மெல்ல மெல்ல இரத்தத்திற் சேர்க்கின்றது. நான்கு ஆரஞ்சுகளைப் பிழிந்து ஒரே மூச்சிற் குடித்துவிடலாம். நான்கினையும் உரித்துத் தின்பவர் சிலரே.

வெல்லமும் கருப்பட்டியும் தேனும் தீங்கற்றவை என்று கருதுவோர் பலர். வெல்லத்திற் சிறிது இரும்பும் வேறு சில தாதுக்களும் உள்ளன என்பது மெய். ஆயின் அதன் பெரும்பகுதி சுக்ரோஸே. பல்லும் கணையமும் கல்லீரலும் நிறத்தைக் கண்டு ஏமாறுவனவல்ல. சுவைக்காக வெல்லத்தை விரும்பலாம். அளவின்றி உண்ண அதனை ஒரு காரணமாகக் கொள்ளல் தகாது.

இனி மாணவர் ஒருவரின் ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மட்டமாக எடுத்த தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம். கோப்பைக்கு இரண்டு கரண்டியாக மூன்று வேளை காப்பி அருந்தினால் 24 கிராம் ஆயிற்று. மாலையில் விளையாடிக் களைத்து, 330 மில்லி லிட்டர் கோலா பானம் ஒன்று பருகினால், அதில் ஏறத்தாழ 35 கிராம். ஆகமொத்தம் 59 கிராம். பிஸ்கோத்தும், மிட்டாயும், புட்டியில் வரும் தக்காளிச் சாறும் இன்னும் கணக்கில் வரவில்லை. மேற்கூறிய 50 கிராம் எல்லை கடந்தாயிற்று. கடந்ததை அவர் அறியவே இல்லை. காப்பியில் ஒன்பது கரண்டி சர்க்கரை இட்டுக் கொடுத்தால் எவரும் வாய்வைக்க மாட்டார். கோலாவில் அவ்வளவும் கரைந்திருக்க, மகிழ்ந்து பருகுகின்றோம். அதிலுள்ள அமிலமும் குளிர்ச்சியும் இனிப்பின் மிகுதியை நாவிற்கு மறைத்துவிடுகின்றன. நீர்வடிவாய் வரும் சர்க்கரை பசியைத் தணிப்பதும் குறைவு. அதனைப் பருகினோம் என்று அடுத்த வேளை உணவை எவரும் குறைப்பதில்லை. இதுபற்றியே பிரிட்டானிய அரசு, 100 மில்லி லிட்டரில் 5 கிராமும் அதற்கு மேலும் சர்க்கரை கொண்ட பானங்கள்மீது 2018ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தீர்வை விதித்தது. தீர்வைக்கு அஞ்சிப் பல நிறுவனங்கள் தம் பானங்களிற் சர்க்கரையைத் தாமே குறைத்தன.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம்மவர் பழமொழி. அதனை நாம் இளமை முதற் கேட்டிருக்கின்றோம். ஆயின் அளந்து உண்ண வேண்டுமாயின், அளவு கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். நம் தாய்மார் தம் கையால் இட்ட சர்க்கரை அவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஆலையில் இடப்பட்டு உறையிலும் புட்டியிலும் வரும் சர்க்கரை நமக்குத் தெரிவதில்லை. இன்றைய உணவின் பெருந்தீங்கு இனிப்பு மிகுந்தது மட்டுமன்று. அளக்கும் கோல் உண்பவன் கையை விட்டு விற்பவன் கைக்குப் போனதுமாம்.

அக்கோலை நாம் மீட்டுக்கொள்ளலாம். அதற்குப் பெருஞ்செலவோ கடுந்தவமோ வேண்டா. உறையின்மேல் அச்சிட்ட சிற்றெழுத்துக்களைப் படிக்கும் பழக்கம் ஒன்று வேண்டும். அதிற் பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் எழுதப்பட்டிருக்கும்; சர்க்கரை முதலிலோ இரண்டாவதாகவோ நிற்குமாயின், அப்பண்டம் பெரிதும் சர்க்கரையே என்றறிக. டெக்ஸ்ட்ரோஸ், பிரக்டோஸ், குளுக்கோஸ் பாகு எனப் பல பெயர் புனைந்து நின்றாலும் அவை சர்க்கரையின் இனமே. காப்பியில் இடும் சர்க்கரையை வாரத்திற்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வந்தால், நாவு அதற்கு இணங்கிவிடும். தாகத்திற்கு நீரையும் மோரையும் அருந்துக. இனிப்பை உணவோடு உண்க, இடைவேளைதோறும் உண்ணற்க. திருவிழாவிலும் திருமணத்திலும் நண்பரோடு கூடி இனிப்பு உண்பதை எவரும் வெறுக்க வேண்டுவதில்லை. அது அதற்குரிய இடம்.

மாணவ நண்பர்களே, நம்மிற் பலர் இன்னும் சில ஆண்டுகளிற் பெற்றோராவர். பழைய மாணவர் பலர் இப்போதே பெற்றோராயிருக்கின்றனர். போரால் நேர்ந்த பஞ்சம், தான் அறியாமலே, பிரிட்டானியக் குழந்தைகளுக்கு ஐம்பதாண்டு நலத்தைக் கொடுத்தது. பஞ்சமும் சட்டமும் செய்த அதனை நாம் அறிவாற் செய்தல் கூடும். அழும் குழந்தையின் வாயில் இனிப்பை வைக்குமுன் ஒரு கணம் எண்ணுதல் போதும். நம் வீட்டுச் சர்க்கரைக் கலயத்தை மூடிவைக்க வேண்டுவதில்லை; அதனுள் இடும் கரண்டியை எண்ணத் தொடங்குவோமாக.